பெரிய படகு, சின்னப் படகு, ஓர் ஐஸ் பெட்டி

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர்கள் என் அக்காவும் அத்தானும். இன்று சாயங்காலம் ஒரு படகு வியாபாரி என் கைப்பேசிக்குக் கூப்பிடுவார். "பெருசா, சின்னதா?" என்று கேட்பார். நான் ஒரே ஒரு வார்த்தை பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை வராததால்தான் இத்தனை வார்த்தைகள்.

படகு வாங்குவது நானில்லை. எனக்கு நீச்சலே தெரியாது. வாங்குவது அவர்கள் இருவரும்தான். ஒரு மாதமாகச் சண்டை போட்டும் ஒத்துவராமல், கடைசியில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீதான் கதை எழுதுறவளாச்சே. முடிவெல்லாம் உனக்குத் தண்ணி பட்ட பாடு. நீயே சொல்லிடு, நாங்க வாயே திறக்க மாட்டோம்" என்றாள் அக்கா.

"எழுத்தாளரம்மா என்ன சொன்னாலும் சரி" என்றார் அத்தான்.

எனக்கு வராத ஒரே விஷயம் முடிவுதான். என் கதைகளைப் படித்தவர்கள் அவர்களிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் என் கதைகளை யாரும் படித்ததில்லை.*

* அக்கா ஒன்று படித்தாள். பாதியில் தூங்கிவிட்டாள். எழுப்பிக் கேட்டதற்கு, "நல்லாத்தான்டி இருந்துச்சு, அதான் தூக்கம் வந்துச்சு" என்றாள்.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

"ஏரி அமைதியாக இருந்தது. அதன் மேல் காலை வெயில் மெல்ல—"

பொய். எங்கள் ஊர் ஏரி என்றைக்கு அமைதியாக இருந்தது? ஞாயிற்றுக்கிழமையானால் மோட்டார் சத்தமும் பிள்ளைகள் கத்துவதும் காதைப் பிளக்கும்.

இரண்டாவது முயற்சி:

"மனித வாழ்க்கையே ஒரு படகுப் பயணம் என்று—"

ஐயோ. இதை எழுதிய என் கையை நானே தட்டிவிட்டேன்.

மூன்றாவது முயற்சி:

"பாண்ட்டூன் படகு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: இரண்டு நீளமான அலுமினியக் குழாய்கள் தண்ணீரில் மிதக்கும். அவற்றின் மேல் ஒரு தட்டையான தளம், தளத்தைச் சுற்றிக் கம்பி வேலி, வேலிக்குள் சோபாக்கள், பின்னால் ஒரு மோட்டார். நம் வீட்டு முன்னறையை அப்படியே பெயர்த்துத் தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கும். வேகமாகப் போகாது. போகவும் யாரும் ஆசைப்படுவதில்லை."

இதில் அழகு ஒன்றும் இல்லை, ஆனால் விஷயம் புரிகிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

அக்கா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். அத்தான் தையல்காரர். அதே பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைப்பவர். அவர் சட்டை மாட்டிவிட்ட பிள்ளைகளைத்தான் அவள் காலையில் ஏற்றிக்கொண்டு போகிறாள். கீழே கடை, மேலே வீடு. வீட்டின் பின்பக்கம், இஸ்திரி நீராவி வந்து சேரும் அறை என்னுடையது. ஏதோ கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். வந்து பல வருஷமாகிறது. போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் யாரும் சொன்னதில்லை. (இந்த வரியை எடுத்துவிடலாமா? பிறகு பார்க்கலாம்.)

அவர்களுக்கு ஒரு பையன், ஒரு பெண். இருவரும் கல்யாணமாகி வெவ்வேறு ஊரில். வாராவாரம் பேசுகிறார்கள், அடுத்த லீவுக்கு வருகிறோம் என்கிறார்கள். சொல்லும்போது மனதாரத்தான் சொல்கிறார்கள். லீவு வந்ததும் யாருக்காவது காய்ச்சல், யாருக்காவது வேலை. கோபமில்லை, பகையில்லை, வரத்தான் முடியவில்லை.

படகு ஆசை அக்காவுடையது. "வாழ்நாள் பூரா ஊரார் பிள்ளைங்களைச் சுமந்தாச்சு. யாரும் வாந்தியெடுக்காத ஒரு வண்டியை ஓட்டணும்டி" என்பாள். அத்தான் அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்கவில்லை. அளவில்தான் நின்றார்.

ஏரிக்கரை வியாபாரியிடம் இரண்டு பாண்ட்டூன் படகுகள் இருந்தன. பெரியது பன்னிரண்டு பேருக்கு. யாரோ கொஞ்சக் காலம் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. சின்னது ஆறு பேருக்கு, புதுசு. விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே இது காசுச் சண்டை இல்லை. காசுச் சண்டையாக இருந்திருந்தால் ஒரு கால்குலேட்டரைக் கொடுத்துவிட்டு நான் தூங்கியிருப்பேன்.

4

அக்காவின் கட்சி:

"பெருசு வாங்கினா பாதி சீட்டு காலியாத்தானே போகும்னு இந்த மனுஷன் சொல்றாரு. ஏங்க, பஸ்ஸு டிப்போலேர்ந்து கிளம்பறப்போ காலியாத்தான் கிளம்பும். ஸ்டாப்புல ஏறுவாங்க. காலையில பஸ்ஸு காலியா இருக்குன்னு வேனை எடுத்துட்டுப் போனா, ஸ்டாப்புல நிக்கற பிள்ளைங்க என்ன பண்ணும்?"

அத்தானின் கட்சி:

"இன்னைக்கு உடம்பு என்ன அளவோ அதுக்குத்தான் தைக்கணும். நானு, உங்கக்கா, நீ. மூணு பேரு. இன்னும் மூணு இடம் இருக்கு, யாராச்சும் வந்தா உட்காரட்டும். தொளதொளன்னு போட்டுக்கிட்டா இரவல் சட்டை மாதிரி இருக்கும்."

அவர் என்னையும் சேர்த்து மூன்று என்றதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன். இந்தக் கதையில் எனக்கு ஒரு சுயநலம் இருக்கிறது. அது எப்படிப்பட்டது என்று ஆறாம் பகுதியில் வரும். ஐந்தில் சொன்னால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள்.

5

அந்த வியாபாரியைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பிரதியில் அவருக்கு நான் ஒரு தங்கப்பல் வைத்தேன். கையைத் தேய்த்துக்கொண்டே பேசுகிறவராகவும், பெரிய படகைத் தலையில் கட்டப் பார்க்கிறவராகவும் எழுதினேன். கதைக்கு அப்படி ஓர் ஆள் இருந்தால் வசதி. பழியை அவர்மேல் போட்டுவிட்டு நாம் காபி குடிக்கப் போகலாம்.

உண்மையில் அவருக்குத் தங்கப்பல்லும் இல்லை, தந்திரமும் இல்லை. ஜலதோஷம்தான் இருந்தது. "ரெண்டும் நல்ல படகுதாங்க" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டே. எது நன்றாகப் போகும் என்று கேட்டதற்கு, "ரெண்டும் மெதுவாத்தான் போகும்" என்றார். உங்கள் வீட்டுக்கு எதை வாங்குவீர்கள் என்று அக்கா மடக்கினாள். "எனக்குத் தண்ணின்னா பயங்க" என்றார்.

இப்படிக் கதைக்கு ஒத்துழைக்காத மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தங்கப்பல்லைப் பிடுங்கிவிட்டு அவரை அப்படியே விட்டுவிட்டேன்.

6

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அத்தானுக்கு எண்கள்மேல் நம்பிக்கை கிடையாது. எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினால், "அது கிடக்கட்டும், போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்" என்பார். படகை எப்படிப் போட்டுப் பார்ப்பது? அதற்கும் வழி கண்டுபிடித்தார். துணி வெட்டும்முன் மாதிரி வெட்டுகிற பழுப்புக் காகிதத்தைத் துண்டு துண்டாக ஒட்டி, இரண்டு படகையும் முழு அளவில் வரைந்து வெட்டிவிட்டார். ஒரு வாரம் கடையில் சீருடை வேலை எதுவும் ஓடவில்லை. சட்டை வாங்க வந்தவர்கள் படகைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவின் பேருந்து நிற்கும் டிப்போவில், ஆளில்லாத முற்றத்தில் இரண்டு காகிதப் படகுகளையும் விரித்தோம். காற்றில் பறக்காமல் இருக்க மூலைக்கு மூலை இஸ்திரிப் பெட்டியும் கத்தரிக்கோலும் வைத்தார் அத்தான். கடையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுமந்து வந்து போட்டவள் நான்.

முதலில் சின்னப் படகு. ஆறு நாற்காலி போட்டோம். ஆச்சரியம், நடுவில் நடக்க இடம் இருந்தது. அத்தான் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"பார்த்தியா? இதைப் போயி சின்னதுங்கறே!"

அக்கா முகத்தைச் சுளித்தாள். "வியாபாரி காட்டினப்போ இவ்வளவு இல்லையே. ஏங்க, ஒழுங்கா அளந்தீங்களா?"

"என் அளவுல தப்பு கண்டுபிடிச்சவன் இன்னும் பொறக்கலை."

அடுத்து பெரிய படகு. அக்கா முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். பழக்கதோஷத்தில், அங்கே இல்லாத கண்ணாடியையும் சரிசெய்தாள். பிறகு விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள்.

"நீங்களும் நானும் ரெண்டு. பையன், மருமக, பிள்ளைங்க ரெண்டு, ஆறு. பொண்ணு, மாப்பிள்ளை, குட்டி, ஒன்பது. மாப்பிள்ளையோட அப்பா அம்மா, பதினொண்ணு."

"பன்னெண்டாவது?" என்றேன் நான்.

"ஐஸ் பெட்டிக்கு. வெயில்ல ஜூஸெல்லாம் சூடாயிடும்ல?"

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். கையில் பன்னிரண்டாவது நாற்காலியோடு.

வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. சிரிப்பும் வந்தது, அதனால் ஒழுங்காக வருத்தப்படவும் முடியவில்லை. நாற்காலியை ஐஸ் பெட்டிக்காகப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றேன்.

ஆக, நிலைமை இது. பெரிய படகில் எனக்கு இடமில்லை, சின்னப் படகில் இருக்கிறது. இந்த லட்சணத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

 "அப்போ சின்னதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் சொல்ல இருந்தேன். இந்தக் கதை மூன்றே பக்கத்தில் முடிந்திருக்கும். ஏழாம் பகுதிதான் கெடுத்தது.

7

கதையில் எழுதுவதற்காக அந்தக் காகிதத்தை இன்னொரு முறை பார்க்கலாம் என்று நேற்றுக் கடைக்கு இறங்கினேன். அத்தான் காலர் தைத்துக்கொண்டிருந்தார். வெட்டுமேசையில் சின்னப் படகின் காகிதத்தைக் கொஞ்சம் பிரித்தேன்.

ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே, பென்சிலில் லேசாக ஒரு புள்ளிக்கோடு. படகைச் சுற்றி முழுக்க ஓடியது.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். கடையில் பல வருஷமாகப் பார்க்கிறேன். புள்ளிக்கோடு தையல் விழும் இடம். வெளிக்கோடு வெட்டும் இடம். நடுவில் இருப்பது, உள்ளே மடித்து விடும் துணி. வளர்கிற பிள்ளைகளின் சீருடைக்கு அத்தான் அதைத் தாராளமாக விடுவார். அடுத்த வருஷம் பிள்ளை வளர்ந்ததும் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுப்பார்.

வியாபாரி சொன்ன படகு, அந்தப் புள்ளிக்கோட்டுக்குள் இருந்தது. டிப்போவில் அத்தான் உட்கார்ந்து காலை நீட்டியது, அவரே உள்ளே விட்ட துணியின் மேல்.

பெரிய படகின் காகிதத்தையும் பிரித்துப் பார்த்தேன். அதில் ஒரே கோடுதான்.

"அத்தான், இங்க வாங்களேன்."

வந்தார். பார்த்தார். கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கையில் எடுத்து, திரும்பவும் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"அடக் கடவுளே. கை தானா விட்டிருக்கு."

"பெருசுக்கு விடலையே?"

"பெரியவங்க உடுப்புக்கு யாரு விடுவா? அது வளராது."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். தைக்கவில்லை.

"அப்போ உங்களுக்கும் பிள்ளைங்க வருவாங்கன்னுதான் இருக்கு" என்றேன்.

"இல்லாமயா இருக்கும்? போன வாரம் பையன் பேசறப்போ பின்னாடி பேரன் சத்தம் கேட்டுச்சு. குரலே மாறிப்போச்சு. யாரோ பெரிய ஆளு பேசற மாதிரி இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அதில்ல பயம். பெருசை வாங்குவோம். யாரும் வர மாட்டாங்க. உங்கக்கா ஓட்டறப்போ கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே ஓட்டறவ. காலி சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பா. அதை என்னால பார்க்க முடியாதும்மா. சின்னதுன்னா காலியே தெரியாது."

எனக்கும் கண் கலங்கியது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காலர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உங்கக்காகிட்ட சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன்" என்றேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

8

ஆகவே, இப்போது உள்ள முடிவுகள்:

(அ) பெரிய படகு. முதல் ஞாயிறு, மூன்று பேர். அக்கா கண்ணாடியைப் பார்க்கிறாள், அத்தான் அக்காவைப் பார்க்கிறார், நான் ஐஸ் பெட்டியின் இடத்தில் உட்கார்ந்து—

(ஆ) சின்னப் படகு. மூன்று பேருக்கு அளவாக இருக்கிறது. லீவுக்கு எல்லாரும் கிளம்பி வந்துவிடுகிறார்கள். ஏறுவதற்கு வரிசை. பாதிப் பேர் கரையில். பேரன், புதிய குரலில், "பரவால்ல பாட்டி, நான் அடுத்த ரவுண்டு வர்றேன்" என்கிறான். அக்கா அத்தானைப் பார்க்கும் பார்வையில்—

(இ) படகு கவிழ்கிறது. இப்படி முடித்தால் இலக்கியம் என்பார்கள். ஆனால் என் அக்கா ஓட்டிய எதுவும் கவிழ்ந்ததில்லை. அவள் மானத்தை என்னால் வாங்க முடியாது.

(ஈ) இரண்டையும் வாங்கிச் சேர்த்துக் கட்டி—

போதும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஆள் நிற்பது தெரிகிறது.

9

அக்கா. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. பேருந்தை விட்டுவிட்டு வந்தவள், இன்னும் சாவியைக்கூட வைக்கவில்லை. ஏழாம் பகுதி இருந்த தாள் அவள் கையில். தூங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"இதெல்லாம் நெசமாடி?"

"கதைதான்க்கா."

"என்கிட்டயேவா?" தாளை மறுபடி படித்தாள். "காலி சீட்டைப் பார்த்து அழுவேனா நான்? இந்த மனுஷனுக்கு என் வேலையைப் பத்தி ஒண்ணுமே தெரியலையே! தினம் சாயங்காலம் நான் காலி பஸ்ஸைத்தானே ஓட்டிட்டு வர்றேன். கண்ணாடியில பார்ப்பேன், பின்னால ஒரு தலை இருக்காது. அப்போதான்டி எனக்கு மூச்சே வரும். எல்லாரும் பத்திரமா வீடு போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு அர்த்தம்."

சாவியை மேசையில் வைத்தாள்.

"நம்ம பிள்ளைங்களும் அப்படித்தான். அவங்கவங்க வீட்டுல இறங்கிட்டாங்க. அதுக்காக ஏக்கமா இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா அது அழற ஏக்கம் இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "அதெப்படி ஒரு சாண் விட்டாரு, லூசு மனுஷன்!"

சிரித்தாள். பிறகு அவள் கை ஆறாம் பகுதிக்குப் போனது. நான் பிடுங்கப் பார்த்தேன். பேருந்து ஓட்டுகிற கை, நடக்குமா? படித்தாள். முகம் மாறியது.

"ஏண்டி, உன்னை எண்ணலைன்னா எழுதி வச்சிருக்கே?"

"எண்ணலையேக்கா. ஐஸ் பெட்டியை எண்ணினே."

"ஆளுங்களை எண்ணறப்போ என் கையைத் தனியா எண்ணுவேனாடி நான்?"

மூன்றாம் பகுதியில், எடுத்துவிடலாமா என்று அடைப்புக்குறிக்குள் கேட்டிருந்தேனே, இரு என்று யாரும் சொன்னதில்லை என்ற வரி. அதை எடுக்கப் போவதில்லை. எவ்வளவு தப்பாக எழுதியிருக்கிறேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

10

இத்தோடு முடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! மணியான ஒரு முடிவு கையில் வந்து விழுந்ததே என்று நான் பேனாவை மூடப் போனேன். அக்காதான் பேசினாள்.

"சரி, சின்னதே சொல்லிடு. பாவம், அந்த மனுஷன் பயந்துக்கிட்டு இருக்காரு. அவரைப் பயமுறுத்தி எனக்குப் பெரிய படகு எதுக்கு?"

அதே நேரம் படிக்கட்டில் செருப்புச் சத்தம். அத்தான் தலையை நீட்டினார். தோளில் யாருடைய பேன்டோ தொங்கியது.

"எழுத்தாளரம்மா, நல்லா யோசிச்சுப் பார்த்தேன். என் கையே விட்டிருக்கு, அப்புறம் எனக்கென்ன பேச்சு? பெருசே சொல்லிடு. படகைப் பிரிச்சுத் தைக்க முடியாதுல்ல."

"அதெல்லாம் வேணாம், சின்னதுதான்" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு. பெருசுதான்."

"வாயே திறக்க மாட்டோம்னு சொன்னீங்களே!" என்று நான் கத்தினேன். யார் காதில் விழுந்தது? ஒரு மாதமாகச் சண்டை போட்டவர்கள் கட்சி மாறி நின்று அதே வேகத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். அவள் இரவல் சட்டை என்கிறாள், அவர் டிப்போ என்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

கைப்பேசி அடிக்கிறது.

இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். எடுக்கிறேன். மறுபக்கம் ஒரு தும்மல், அதன் பிறகு வியாபாரி.

"பெருசுங்களா, சின்னதுங்களா?"

எனக்கு வராது என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? இவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். இதோ, கைப்பேசியை உங்களிடம் நீட்டுகிறேன். அவர் ஜலதோஷத்தோடு காத்திருக்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை ஆட்களை எண்ணிக்கொள்ளுங்கள், உங்களையும் சேர்த்து. எந்தப் படகானாலும் சரி, இடம் பற்றவில்லை என்றால் ஐஸ் பெட்டியை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்.